சம்பந்தித் தேநீருக்கு ஓர் இடம்

சந்தானம்: ...ஆகவே, அந்த ஹோட்டல் வேண்டாம்.

ரக்ஷா: ‘ஆகவே’ மட்டும் சொன்னா எப்படிப்பா? அதுக்கு முன்னாடி ஒரு காரணம் வரணுமே. கப்பன் பார்க் பக்கத்துல, நிழல் இருக்கு, கார் நிறுத்த இடம் இருக்கு, மத்தியானம் மூணரையிலேர்ந்து தேநீர். பியானோகூட வாசிக்கறாளாம்.

சந்தானம்: அந்தப் பியானோதான் காரணம். சம்பந்தம் பேசற இடத்துல பின்னாடி ஒருத்தர் வாத்தியம் வாசிச்சிண்டிருந்தா, நான் முடியாதுன்னு சொல்றதுகூடப் பாட்டு மாதிரிக் கேட்கும்.

பாகீரதி: ஓ... முடியாதுன்னுதான் சொல்லப் போறேளா?

சந்தானம்: சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். எட்டு மாசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசனை இன்னும் கனியவில்லை.

பாகீரதி: விதான சௌதாவுல முப்பத்துநாலு வருஷம் எல்லா ஃபைல்லயும் ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு எழுதின கை. பிள்ளை கல்யாணத்தை மட்டும் விட்டுடுமா?

ரக்ஷா: அம்மா, நீயும்தான் எட்டு மாசமா ‘பார்ப்போம், பார்ப்போம்’கறே. அண்ணாவுக்கு இந்த எட்டு மாசத்துல முன்மண்டை தெரிய ஆரம்பிச்சுடுத்து. சனிக்கிழமை நாலு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் மலரோட அப்பா அம்மாவும் முதல் தடவையா முகம் பார்த்துக்கறேள். அன்னிக்கும் முடிவு சொல்லலைன்னா, திங்கட்கிழமை அவனும் மலரும் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுப் புனேக்குப் போயிடுவா. எங்கிட்டச் சொல்லிட்டான்.

பாகீரதி: புனேக்கா... அங்கே யார் இருக்கா?

ரக்ஷா: நாம யாரும் இல்லை. அதான்.

பாகீரதி: மலராத்துலதான் பிரேசர் டவுன்ல அவா ஆத்துக்கே வாங்கோன்னு கூப்பிட்டாளே. இவர் மாட்டேன்னார்.

சந்தானம்: சம்பந்தம் நிச்சயமாகாத ஆத்துல கை நனைக்கப்படாது. ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் சம்மதம்னு ஆயிடும். பரம்பரையா வந்த நியமம். அந்த மனுஷரும் நம்மாத்துக்கு வர மாட்டேன்னு அதையேதான் சொன்னாராம். கோலார் தங்கவயல் சுரங்கத்துல இறங்கின குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற குடும்பம்... ஆனா இந்த ஒரு விஷயத்துல நமக்கு இம்மியும் குறைவில்லை. பேர் என்ன அவருக்கு? சாலமனோ, சாமுவேலோ...

ரக்ஷா: சாலமன்.

பாகீரதி: அந்த அம்மா பேர்கூட... ஐவியா?

ரக்ஷா: ஐரின். சனிக்கிழமைக்குள்ள பேராவது பாடம் பண்ணிக்கோங்கோ ரெண்டு பேரும். சரி, ரெண்டாவது இடம். லாவெல்லி ரோட்டுல பழைய பங்களா, தோட்டத்துல மேஜை போட்டிருக்கா. ரோஜாப்பூப் போட்ட பீங்கான் கோப்பை.

சந்தானம்: பேஷ். தோட்டமும் தேநீரும். அதுவே தகும்.

பாகீரதி: அங்கே வேண்டாம்.

ரக்ஷா: ஏன்?

பாகீரதி: கொசு.

ரக்ஷா: மத்தியானம் நாலு மணிக்கா?

பாகீரதி: கொசு என்ன கடிகாரம் கட்டிண்டா வரும்? அதோட அந்தக் கோப்பைக் காது இருக்கே, ஒரு விரல்தான் நுழையும். உங்கப்பா விரல் உள்ளே போனா வெளியில வராது. அவர் கோப்பையும் கையுமா சம்பந்தியை வழியனுப்ப, நான் தீயணைப்புக்காராளைக் கூப்பிடணும்.

சந்தானம்: என் விரலுக்கு என்ன குறை?

பாகீரதி: குறை ஒண்ணும் இல்லை. அதான் நுழையாது.

ரக்ஷா: அம்மா... அந்தக் கோப்பையை நீ எப்போ பார்த்தே?

பாகீரதி: பேப்பர்ல. படம் போட்டிருந்தான்.

ரக்ஷா: காது அளவோடயா?

பாகீரதி: நேக்குப் பார்த்தாலே தெரியும். அடுத்த இடத்தைச் சொல்லு.

ரக்ஷா: அண்ணா ஆபீஸ் பக்கம் பொம்மசந்திராவுல ஒண்ணு சொல்றான். அவனும் மலரும் வேலை முடிஞ்சு போற இடமாம். இஞ்சி டீ நன்னா இருக்குமாம்.

சந்தானம்: பொம்மசந்திராவா? மல்லேஸ்வரத்துல மத்தியானத் தேநீருக்குக் கிளம்பினா, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டறதுக்குள்ள அது ராத்திரிப் பலகாரம் ஆகி, போய்ச் சேர்றச்சே விடியக்காலைக் காப்பி ஆயிடும்.

ரக்ஷா: பிரேசர் டவுன்ல ஒரு பேக்கரி? மாடியில உட்கார இடம் இருக்கு. அவாளுக்குப் பக்கம்.

சந்தானம்: வேண்டாம்.

பாகீரதி: வேண்டவே வேண்டாம்.

ரக்ஷா: அட, ரெண்டு பேரும் ஒத்துப்போறேளே. கல்யாணமாகி எத்தனை வருஷம் கழிச்சு?

சந்தானம்: முப்பத்தேழு. ஆனால் இங்கே அடிப்படைக் கேள்வியே வேறு. மத்தியானத்தில் தேநீர் எதற்கு? வழிவழியாகக் காப்பி வழங்கிவந்த குடும்பம் இது. பொழுது சாயும் நேரத்தில், குதிரைப் பந்தயம் பார்த்துத் திரும்பிய துரைமார்போல, முழங்காலில் கைத்துண்டு விரித்துக்கொண்டு...

பாகீரதி: ஆரம்பிச்சுட்டார்.

சந்தானம்: இதைப் பற்றி ஒரு குறட்பாவே கட்டியிருக்கிறேன். கேள்.
மூவடுக்குத் தட்டில் முறுவலிக்கும் பண்டமெலாம்
நாவடக்கம் தீர்க்க வரும்.

ரக்ஷா: நன்னா இருக்கு. இரு... மூவடுக்கா? நான் மூணு அடுக்குன்னு சொல்லவே இல்லையே.

சந்தானம்: கவிஞன் கண்ணுக்குக் காணாததும் புலப்படும்.

பாகீரதி: எண்ணிக்கையோடயா புலப்படும்?

சந்தானம்: கோப்பைக் காது உனக்கு அளவோட புலப்படறபோது, எனக்கு அடுக்கு எண்ணிக்கையோட புலப்படாதா?

ரக்ஷா: ஸ்வல்ப இருங்கோ ரெண்டு பேரும். எங்கே போனாலும் என்ன தருவான்னு படிக்கறேன், அதையாவது கேட்டுக்கோங்கோ. அடியடுக்குல வெள்ளரிக்காய் வெச்ச குட்டி ரொட்டி. நடு அடுக்குல ஸ்கோன். அது ஒரு மாதிரி பன். அதை ரெண்டாப் பிட்டு, ஜாமும் கிரீமும் தடவிச் சாப்பிடணுமாம்.

சந்தானம்: முதல்ல பாலாடை. அதுக்கு மேலதான் பழக்கூழ்.

பாகீரதி: அய்ய, முதல்ல ஜாம்தான் தடவணும். கிரீமை முதல்ல தடவினா ஜாம் வழுக்கிண்டு புடவையில விழும்.

சந்தானம்: பாலாடை பீடம். பழக்கூழ் மூர்த்தி. மூர்த்திக்கு மேல பீடம் வைக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?

பாகீரதி: நீங்க பீடத்தைத் தின்னுங்கோ. சூடான ஸ்கோன்ல கிரீமை முதல்ல வெச்சா உருகி நெய்யாட்டம் ஓடிடும். அதுவும் முட்டை சேர்க்காத ஸ்கோன் இருக்கே, அது கொஞ்சம் பொறபொறன்னு இருக்கும், ஜாம்தான் பிடிச்சு நிறுத்தும்...

ரக்ஷா: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

பாகீரதி: ...பேப்பர்ல போட்டிருந்தான்.

ரக்ஷா: பொறபொறன்னு இருக்கும்னுகூடவா?

பாகீரதி: நீ போன் பண்ணப் போறியா, இல்லையா?

ரக்ஷா: பண்றேன். இனிமே உங்களைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நான் முதல்ல சொன்ன இடம்தான். கப்பன் பார்க்.

சந்தானம்: ரக்ஷா, போனைக் கீழே வை. நாற்காலி தாழ்வா இருக்கும். என் முட்டி தாங்காது.

பாகீரதி: பண்ணுடி. அவர் முட்டி நேத்திக்குக் கோயில்ல இருபது தடவை விழுந்து தண்டம் சமர்ப்பிச்சுது, ஒண்ணும் ஆகலை.

ரக்ஷா: ரிங் போறது... ஹலோ... சனிக்கிழமை நாலு மணிக்கு மேஜை வேணும்... ஏழு பேர்... சந்தானம்னு போட்டுக்கோங்க... ஆமா, மல்லேஸ்வரம்... ஓ, நீங்க தமிழா? ஆனேக்கலா? சந்தோஷம். முனிராஜ், சரி... என்னது?... எந்த சந்தானம்?... ஒரு நிமிஷம் இருங்க. அப்பா.

சந்தானம்: இந்தப் பெங்களூர்ல ஆயிரம் சந்தானம் இருக்கா.

ரக்ஷா: ‘பை-டூ சந்தானம் ஸார் வீடா’ன்னு கேட்கறார்.

பாகீரதி: பை-டூவா?

ரக்ஷா: வியாழக்கிழமைதோறும் ரெண்டு ஸார் வருவாளாம். ஒரே ஒரு செட் தேநீர் சொல்லி, தர்ஷினி ஹோட்டல்ல ஒரு காப்பியை ரெண்டாப் பிரிச்சுக் கேட்கறாப்பல ‘பை-டூ’ன்னு கேட்பாளாம். முதல் நாள் சமையல்கட்டுல ஒருத்தருக்கும் புரியலையாம். மூணடுக்குத் தட்டை எப்படி ரெண்டாப் பிரிக்கறதுன்னு மீட்டிங்கே போட்டாளாம். இப்போ பழகிடுத்தாம். வழக்கமான ஜன்னலோர மேஜையா, ஏழு பேருக்குப் பெரிசு வேணுமான்னு கேட்கறார். சாலமன் ஸாருக்குச் சர்க்கரை இல்லாமத்தானேன்னும் கேட்கறார்.

பாகீரதி: சாலமனா, சாமுவேலா? சரியாக் கேளு.

சந்தானம்: பாகீ...

பாகீரதி: வியாழக்கிழமை சாமராஜப்பேட்டையில பாசுரப் பாடம் நடக்கறதுன்னேளே. தொண்டை கட்டிண்டு வரேளேன்னு நான் மிளகு கஷாயம் வேற போட்டேன்.

சந்தானம்: தொண்டை கட்டினது நிஜம்தான். பேசிப் பேசிக் கட்டிடுத்து.

பாகீரதி: என்ன பேச்சு?

சந்தானம்: முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். போன்ல சொன்னா மரியாதை இல்லையேன்னு நேர்ல வரச் சொன்னேன். அவரும் அதையே சொல்லத்தான் வந்திருந்தார். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ‘முடியாது’ன்னோம். அப்புறம் சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா தேநீர் வந்துடுத்து. அதை வெச்சுட்டு எழுந்து போனா நன்னாவா இருக்கும்?

ரக்ஷா: இருக்காது.

சந்தானம்: தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தார். கர்த்தரைத் துதிக்கும் பாட்டு, கம்பீரமான சாரீரம். ஆனால் மூன்றாம் அடியில் எதுகை தப்பியதுபோல் எனக்குத் தோன்றிற்று. சொன்னேன். தப்பவில்லை ஐயா, நீங்கள் சீர் பிரித்ததுதான் தப்பு என்றார். என்னைப் பார்த்து. நாற்பது வருஷமாகக் கோயில் பாசுரக் கோஷ்டியில் முன்வரிசையில் நிற்கிற என்னைப் பார்த்து.

பாகீரதி: அப்புறம்?

சந்தானம்: அடுத்த வியாழக்கிழமை புத்தகம் கொண்டுவந்தார். அவர் பிரித்ததுதான் சரி.

ரக்ஷா: அப்போ அந்தப் பியானோ?

சந்தானம்: பியானோ வாசிக்கிற ஓஸ்வால்டுக்குச் சாலமன் ஆனந்தபைரவி சொல்லிக்கொடுத்துட்டார். இப்போ நான் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்க வந்தாலே அதை ஆரம்பிச்சுடறார். சனிக்கிழமை உங்க எல்லார் முன்னாடியும் நான் நுழையறச்சே அது கிளம்பினா, நான் என்னன்னு சொல்வேன்?

பாகீரதி: நன்னா இருக்கு. பிள்ளை அங்கே தலைமுடி உதிர்ந்து நிற்கறான். இவர் இங்கே வாராவாரம் பீடத்துக்கு மேல மூர்த்தி வெச்சுச் சாப்பிட்டிருக்கார். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லணும்னு தோணித்தா? மனசுல கள்ளம் வெச்சுண்டு எப்படித்தான் கோஷ்டியில நின்னு சேவிச்சேளோ...

சந்தானம்: செவ்வாய்க்கிழமை சஹஸ்ரநாம மண்டலி எங்கே நடக்கறது?

பாகீரதி: ...ஜெயநகர்ல. ஜெயலக்ஷ்மி ஆத்துல. ஏன்?

சந்தானம்: ஜெயலக்ஷ்மி நாலு மாசமா அமெரிக்காவுல மாட்டுப்பெண் பிரசவம் பார்த்துண்டிருக்கா. அவ ஆத்துக்காரர் என்னோடதான் தினமும் நடக்கறார்.

பாகீரதி: ...அவ இல்லைன்னாலும் மண்டலி நடக்கும்.

சந்தானம்: நடக்கும். லாவெல்லி ரோட்டுத் தோட்டத்தில், ரோஜாப்பூக் கோப்பையோடு நடக்கும்.

ரக்ஷா: அம்மா?

பாகீரதி: யார் சொன்னா உங்களுக்கு?

சந்தானம்: ஒருத்தரும் சொல்லலை. மூணு மாசம் முன்னாடி சாலமன் ஒரு டப்பாவுல புளியோதரை கொண்டுவந்தார். அவர் ஆத்துக்காரிக்குப் புதுசா ஒரு சிநேகிதி கிடைச்சிருக்காளாம், அந்த அம்மா கொடுத்தனுப்பினதாம், சாப்பிட்டுப் பாருங்கன்னார். ஒரு வாய் வெச்சேன். எள்ளை வறுத்துப் பொடி பண்ணி, வெந்தயத்தை மட்டும் ஒரு பிடி அதிகமாக் கருக விடற கை இந்த உலகத்துல ஒண்ணுதான் இருக்கு.

பாகீரதி: ...வெந்தயம் கருகலை. அது பக்குவம்.

சந்தானம்: பக்குவம்தான். அவருக்கு மிச்சம் வைக்காம நானே தின்னுட்டேன். அவருக்கு இன்னிவரைக்கும் விஷயம் தெரியாது. புளியோதரைன்னா ஐயங்காருக்குப் பித்துன்னு நினைச்சுண்டார்.

ரக்ஷா: மூணு மாசமாத் தெரிஞ்சும் நீ கேட்கலையாப்பா?

சந்தானம்: கேட்டால் அவளும் கேட்பாளே.

ரக்ஷா: அம்மா, நீ சொல்லு.

பாகீரதி: நான் அழத்தான் போனேன். பெத்தவளுக்குப் பெத்தவளா, நாலு வார்த்தை அழுது சொன்னா அந்த அம்மா பொண்ணை அடக்கிடுவான்னு நினைச்சேன். நான் போய் உட்கார்றதுக்குள்ள அவ அழ ஆரம்பிச்சுட்டா. ரெண்டு பேரும் அழுதா யார் யாரைச் சமாதானம் பண்றது? நான் என் அழுகையை நிறுத்திண்டு கைக்குட்டை கொடுத்தேன். அதுக்குள்ள அந்தக் குட்டி ரொட்டி வந்துது. எவ்வளவு சன்னமா நறுக்கியிருக்கான் பாருங்கன்னு அவ சொன்னா. நானும் பார்த்தேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அழுகையே வரலை.

ரக்ஷா: அதுக்கப்புறம் எத்தனை செவ்வாய்க்கிழமை?

பாகீரதி: எண்ணலை. முகூர்த்தப் புடவை எடுக்கப் போன அன்னிக்கு மட்டும் புதன்கிழமை.

சந்தானம்: புடவையே எடுத்தாச்சா?

பாகீரதி: அரக்குல மாம்பழ பார்டர். மலரோட நிறத்துக்கு எடுப்பா இருக்கும். சர்ச்சுக்குன்னு தனியா ஒண்ணு, வெள்ளையில. ஐரின்தான் முந்தானையைப் பிடிச்சுப் பார்த்தா. ஐரின் பீரோவுல இருக்கு ரெண்டும்.

ரக்ஷா: ஐவின்னு சொன்னியே அம்மா... சரி, விடு. சாலமன் அங்கிளுக்கும் ஐரின் ஆன்ட்டிக்கும் இது எதுவும் தெரியாதா?

சந்தானம்: அவருக்கு அவள் விஷயம் தெரியாது.

பாகீரதி: அவளுக்கு அவர் விஷயம் தெரியாது. வியாழக்கிழமை சர்ச்சுல பாட்டுப் பயிற்சின்னு சொல்லிட்டுப் போறாராம்.

சந்தானம்: இப்போதைக்கு ஒன்று செய்யலாம். சனிக்கிழமை நால்வரும் முன்பின் அறியாதவர்களாக இருப்போம். நான் கைகூப்பி ‘அடியேன் சந்தானம்’ என்று அறிமுகம் செய்துகொள்கிறேன். நீ அந்த அம்மாளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார். புதுச் சம்பந்தியைப் பார்ப்பதுபோல.

பாகீரதி: ஐரினால முடியாது. சிரிச்சுடுவா. சிரிக்க ஆரம்பிச்சா அவளுக்கு விக்கல் வரும்.

ரக்ஷா: அது இருக்கட்டும். முனிராஜ் இன்னும் லைன்லதான் இருக்கார்.

சந்தானம்: சத்தம் போகாமப் பண்ணித்தானே வெச்சிருக்கே?

ரக்ஷா: ...பண்ணலை.

பாகீரதி: பெருமாளே.

ரக்ஷா: ஹலோ, முனிராஜ்... ஆமா, மன்னிச்சுக்கோங்க... சரி, சொல்றேன். அப்பா, புளியோதரை அவா மெனுவுல கிடையாதாம். செஃப்கிட்ட வேணா கேட்டுப் பார்க்கறாராம். ஜாமை முதல்ல தடவறதுதான் அவருக்கும் பிடிக்குமாம்.

பாகீரதி: கேட்டேளா? படிச்ச பிள்ளை.

சந்தானம்: ஆனேக்கல்காரர் வாக்கெல்லாம் பிரமாணம் ஆகாது. மேஜையை எழுதிக்கச் சொல்லு.

ரக்ஷா: எழுதிண்டுட்டார். வெச்சுட்டார். இரு, அண்ணா மெசேஜ் போட்டிருக்கான். ‘இடம் முடிவாச்சா’ன்னு கேட்கறான். பாவம், இடத்தை மட்டும்தான் கேட்கறான். வேற எதையும் கேட்கறதையே விட்டுட்டான்.

பாகீரதி: ...சரின்னு எழுதுடி.

ரக்ஷா: எதுக்குச் சரி?

பாகீரதி: எல்லாத்துக்கும்தான்.

ரக்ஷா: அப்பா? நீ சொல்லாம நான் எழுத மாட்டேன்.

சந்தானம்: ...எழுதம்மா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பூரண சம்மதம் என்று எழுது. புனே வேண்டாம் என்றும் எழுது.

ரக்ஷா: எழுதிட்டேன்... பார்த்துட்டான்... டைப் பண்றான்... நிறுத்திட்டான்... மறுபடி டைப் பண்றான்.

பாகீரதி: என்ன சொல்றான் குழந்தை?

ரக்ஷா: ‘உன் போனை யாராவது திருடிட்டாளா’ன்னு கேட்கறான்.

சந்தானம்: நான் பேசறேன் அப்புறம். இப்போ வேண்டாம். மிளகு கஷாயம் இருக்கா பாகீ?

ரக்ஷா: நேக்கு ஒண்ணுதான் புரியலை. அவருக்கும் உனக்கும் ஒத்துப்போச்சு. அம்மா புடவையே எடுத்தாச்சு. பிடிச்சிருக்குன்னா அன்னிக்கே சரின்னு சொல்லியிருக்கலாமே. என்னத்துக்கு அவனை இத்தனை மாசம் தூங்க விடாமப் பண்ணினேள்?

பாகீரதி: உங்கப்பாவைக் கேளு.

சந்தானம்: உங்கம்மாவே சொல்லட்டும்.

பாகீரதி: சரின்னு சொல்லிட்டா அவ சம்பந்தியம்மா ஆயிடுவா. சம்பந்தியம்மாவோட உட்கார்ந்து அவ மாமியாரைப் பத்திப் பேச முடியுமா? நான் உங்க பாட்டியைப் பத்தித்தான் பேச முடியுமா? நேக்கு அப்படிப் பேச வேற யாரும் இல்லைடி... நீங்களும் சொல்லுங்கோ. நான் மட்டும் சொல்லணுமா?

சந்தானம்: ‘இன்னும் முடிவாகலை, அடுத்த வாரம் பேசுவோம்’னு சொல்லித்தான் ஒவ்வொரு வாரமும் ரெண்டு பேரும் எழுந்துண்டோம். சரின்னு சொல்லியிருந்தா, அடுத்த வியாழக்கிழமை நான் எங்கேம்மா போவேன்?